தையல்படத்தின் கடைசி வரி

எங்கள் குடும்பத்தில் பெண்களுக்குக் கலியாணம் செய்து வைக்கும் தையல்படம் ஒன்று இருந்தது. அம்மாவுக்கு அதுதான் செய்து வைத்தது. சின்னம்மாவுக்கும் அதுதான். ஒன்றுவிட்ட சகோதரிகள் சிலர் அதை இரவல் வாங்கிப்போய்க் காரியத்தை முடித்துக்கொண்டு திருப்பித் தந்தார்கள். அதைத் தைத்த பெரியம்மாவுக்கு மட்டும் ஒன்றும் சரிவரவில்லை. இதை எங்கள் வீட்டில் யாரும் சோகமாகச் சொன்னதில்லை. சீனி முடிந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொல்வார்கள்.

பெரியம்மா அம்மாவின் அக்கா. மூன்று பெண்களில் மூத்தவர். நாற்பதுகளில் யாழ்ப்பாணத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தார். அங்கே தையல் படிப்பிக்க ஒரு வெள்ளைக்கார ரீச்சர் இருந்தார். ஒவ்வொரு பெண்பிள்ளையும் ஒரு துணித்துண்டில் ஆங்கில எழுத்துகளையும் இலக்கங்களையும் புள்ளடித் தையலில் தைத்துக் காட்ட வேண்டும். வாக்குச்சீட்டில் போடுகிற அதே புள்ளடிதான், நூலால் போடுவது. எழுத்துகளுக்குக் கீழே ஒரு வீடு, ஒரு மரம், ஒரு சோடிப் பறவை. அதற்குக் கீழே ஒரு முடி, ஏனென்றால் அப்போது நாட்டுக்கு ராசா இருந்தார். முடிக்குக் கீழே CEYLON. கடைசி வரியில் தைத்த பிள்ளையின் பெயரும் வயதும். அதற்குப் பள்ளிக்கூடத்தில் சாம்பிளர் என்று பெயர். எங்கள் வீட்டில் தையல்படம்.

ரீச்சர் முதலில் பார்ப்பது துணியின் பின்பக்கத்தைத்தானாம். பின்பக்கத்தில் முடிச்சுக் கண்டால் ஒன்றும் பேசாமல் கத்தரிக்கோலைக் கையில் தருவார். பெரியம்மாவின் துணியில் பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே இருந்தது. ஒன்பது வயதில் தைத்தது. சும்மா சொல்லக்கூடாது, நான் பார்த்திருக்கிறேன், அதில் ஒரு பிழை பிடிக்க முடியாது. ஒரேயொரு குறை: கடைசி வரியில் ஒன்றும் இல்லை. வெறும் துணி.

அந்த வெறுமைக்குக் காரணம் அவர்களுடைய தாய். பெயரைத் தைக்கப் போன மகளிடம், பேர் போட்டால் ஒருத்திக்குத்தான் உதவும், விட்டால் மூன்று பேருக்கும் உதவும் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் ஹோலில் இருந்து கண்ணை ஓட்டுவார்கள். சுவரில் ஒரு தையல்வேலை தொங்க வேண்டும். அதைக் காட்டி, எங்கடை பிள்ளை தைச்சது என்று சொல்ல வேண்டும். அதுதான் முறை. ஒன்பது வயதுப் பிள்ளை ஊசியைக் கீழே வைத்துவிட்டது. ரீச்சர் புள்ளி குறைத்தாராம்.

முதலில் அது பெரியம்மாவுக்காகத்தான் தொங்கியது. வந்தவர்கள் பார்த்தார்கள், வடை சாப்பிட்டார்கள், சாதகத்தில் செவ்வாய் இருக்கிறது என்று போய்விட்டார்கள். பிறகும் சிலர் வந்து சாப்பிட்டுப் போனார்கள். பிறகு அம்மாவின் முறை வந்தது. அதே சுவர், அதே படம். "எங்கடை இரண்டாவது தைச்சது" என்று தாய் சொன்னார். அம்மாவுக்கு இன்றுவரை சட்டைக்குப் பட்டன் தைக்கத் தெரியாது.

"அப்ப நீங்கள் என்ன செய்தனீங்கள், பெரியம்மா?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"வடை பொரிச்சனான்," என்றார்.

தொண்ணூறுகளில் அம்மா, பெரியம்மா, நான் மூவரும் கனடாவில், ஸ்காபரோவில், வோபர்ன் பக்கம் ஒரு மாடிக் கட்டிடத்தில் இருந்தோம். அப்பா காலமாகிவிட்டார். அம்மா ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் பாண் பொதி செய்யப் போனார். நான் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் முன்மேசையில் இருந்தேன். பெரியம்மா வீட்டில் சமைத்தார், மிச்ச நேரத்தில் தொலைக்காட்சியில் மல்யுத்தம் பார்த்தார். மல்யுத்தம் என்றால் மலைபோன்ற வெள்ளைக்காரர்கள் சின்னக் காற்சட்டையோடு ஒருவரை ஒருவர் தூக்கி எறிவது. மஞ்சள் காற்சட்டை போட்ட ஒருவன் பெரியம்மாவின் ஆள். அவன் விழுந்தால் அன்று குழம்பில் உப்புக் கூடும்.

அவர் தைப்பதை விட்டுப் பல காலம். ஆனால் மற்றவர்கள் தைத்ததைச் சும்மா விடமாட்டார். என் பாவாடை விளிம்பு, கடையில் வாங்கிய தலையணை உறை, பக்கத்து வீட்டு அன்ரி பிள்ளைக்குத் தைத்த சட்டை, எது கையில் அகப்பட்டாலும் உடனே திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். முடிச்சு இருந்தால் ஒரே சொல்தான். "பிரி." பக்கத்து வீட்டு அன்ரி அதன்பிறகு எங்கள் வீட்டுக்குத் தைத்த ஒன்றையும் கொண்டுவருவதில்லை.

தையல்படம் எங்களோடு கனடாவுக்கு வந்தது. அம்மா அதைப் பிரேமில் இருந்து கழற்றி, சேலைகளுக்கு நடுவே மடித்து வைத்துக் கொண்டுவந்தார். என் பிறப்புச் சான்றிதழ் கொழும்பில் தவறிவிட்டது. தையல்படம் தவறவில்லை. எனக்கு ஒரு கலியாணம் ஆக வேண்டும் என்பதில் அம்மா எவ்வளவு உறுதியாக இருந்தார் என்பதை இதில் இருந்து விளங்கிக்கொள்ளலாம்.

எனக்குச் சம்பந்தம் பக்கத்து நகரமான பிக்கரிங்கில் இருந்து வந்தது. புது வீடு, இரண்டு கார் நிற்கும் கராஜ். மாப்பிள்ளை தினமும் ரயில் ஏறி நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர். அவர் எல்லோருக்கும் முன்பே தனியாக என்னைப் பார்க்க வந்துவிட்டார். கிளினிக்குக்குப் பல் சுத்தம் செய்ய வந்தவர் என்றுதான் நான் அவரைப் பதிந்தேன். பிக்கரிங்கில் பல் வைத்தியர்களே இல்லையோ என்று யோசித்தேன். பல் நன்றாக இருந்தது. ஆளையும் பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், மிகவும் பிடித்திருந்தது.

பெண் பார்க்க வருவதற்கு முந்திய சனிக்கிழமை மத்தியானம் பெரியம்மா மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கதிரையில் ஏறித் தையல்படத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த முறை நான் தைச்சதெண்டு சொல்லு," என்றார் பெரியம்மா. கண் திரையில் இருந்தது.

"எதை அக்கா?"

"உதைத்தான்."

அம்மா துடைப்பதை நிறுத்தினார். "அது சரிவராது அக்கா."

"ஏன்?"

"அவையள் என்ன நினைப்பினம்?"

"நான் தைச்சனான் எண்டு நினைப்பினம்."

"நல்ல காரியம் நடக்கிற இடத்திலை..." என்று அம்மா தொடங்கி, மிச்சத்தைச் சொல்லாமல் கதிரையில் இருந்து இறங்கினார். சொல்லாத மிச்சம் மூன்று பேருக்கும் விளங்கியது. கலியாணம் நடக்காதவளின் கைவேலை பெண் பார்க்கிற இடத்தில் பேச்சில் வரக்கூடாது. சுவரில் தொங்கலாம், பேச்சில் வரக்கூடாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரியம்மா அதுவரை யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. குளிர் தொடங்கியபோது சப்பாத்துக்கூடக் கேட்கவில்லை, நாங்களாகத்தான் வாங்கிக் கொடுத்தோம். இப்போது முதல்முறையாக ஒன்று கேட்கிறார், அதுவும் ஏற்கெனவே தன்னுடையதாக இருப்பதை.

"அம்மா, நான் ஊசி பிடிச்சதே இல்லை. என்னெண்டு நான் தைச்சதெண்டு சொல்லுவியள்?" என்றேன்.

"ஆரடி உன்னைத் தைச்சுக் காட்டச் சொல்லப் போயினம்? நானுந்தான் தைக்கேல்லை. உன்ரை கொப்பர் ஒருநாளாவது கேட்டவரே?"

பெரியம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளை, தாய், தகப்பன். பெரியம்மா காலையில் இருந்து ரோல்ஸும் வடையும் செய்து முடித்துவிட்டு, தானாகவே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே இருந்த சின்னத் தொலைக்காட்சியைக்கூடப் போடவில்லை. எங்கள் வீட்டுச் சுவர்கள் மெல்லியவை. சாம்பார் கொதித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணியைக் கையில் எடுத்ததும் தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தார். "நல்ல வடிவாயிருக்கு. ஆர் தைச்சது?"

"மகள்தான்," என்றார் அம்மா. யோசிக்கவே இல்லை.

"எத்தினை வயசிலை?"

"ஒம்பது."

மாப்பிள்ளையின் தகப்பன் ஊரில் தபாலதிபராக இருந்து இளைப்பாறியவர். எழுத்து எங்கே இருந்தாலும் கிட்டப் போய் வாசிக்கிற பழக்கம். எழுந்து போனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசித்துக் கீழே வந்தார்.

"சிலோன் எண்டு போட்டிருக்கு," என்றார்.

விரலை ஒரு வரி மேலே ஏற்றினார்.

"முடியும் கிடக்கு. பிள்ளை பிறந்தது எழுபத்திமூண்டு எண்டல்லோ சாதகத்திலை. முத்திரையிலை சிலோன் எண்ட பேர் எழுபத்திரண்டோட முடிஞ்சுபோச்சு."

அவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. முத்திரை விசயத்தில் பிழை இருந்தால் அவருக்குப் பொறுக்காது, அவ்வளவுதான். எத்தனையோ வருடமாக அந்தப் படத்தைக் காட்டிக் கலியாணம் செய்த எங்கள் குடும்பத்தில் ஒருவராவது அதை வாசித்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் வாயைத் திறந்தேன். "அது பெரியம்மா..." என்று தொடங்கினேன். அம்மா ரோல்ஸ் தட்டை என் முகத்துக்கு நேரே நீட்டி, "அங்கிளுக்குக் குடு," என்றார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி நான் விட்ட இடத்தில் இருந்து வசனத்தை எடுத்தார். "பெரியம்மாவின்ரை பழைய மொடல் ஒண்டு இருந்தது. அதைப் பாத்து அப்பிடியே தைச்சவ."

அந்தக் கெட்டித்தனத்தை நான் மெச்சத்தான் செய்தேன். கோபம் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

"அப்ப நல்லது," என்றார் மாப்பிள்ளையின் தாய். "எங்கடை வீட்டுக்கும் உப்பிடி ஒண்டு தைச்சுத் தரட்டும். வாசலுக்கு நேரை ஒரு சுவர் சும்மா கிடக்கு. எழுத்து அண்டைக்குக் கொண்டுவரட்டும்."

எழுத்து என்றால் கலியாணப் பதிவு. அதாவது சம்பந்தம் சரி என்று சொல்லிவிட்டார். அம்மாவின் முகத்தில் சந்தோசமும் பயமும் ஒரே நேரத்தில் வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அவர்கள் போனதும் பெரியம்மா வெளியே வந்தார். மிச்சமிருந்த ரோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தார். "உள்ளுக்குள்ளை மிளகு காணாது," என்றார்.

அடுத்த நாள் மாப்பிள்ளைக்கு போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். இதை அவரிடம் ஒளித்துக் கலியாணம் செய்ய என்னால் முடியாது. அவர் சிரித்தார். "அப்பா முத்திரைக் கதை துவங்கினவுடனை எனக்கு விளங்கீற்றுது. எனக்குப் பட்டன் தைக்கத் தெரியும். ஒரு வீட்டுக்கு ஒராள் காணும்."

"உங்கடை அம்மாவுக்குச் சொல்லுவமோ?"

"அம்மாவுக்கு என்ன தெரியும் எண்டு எனக்கே தெரியாது. நீர் யோசியாதையும்."

நான் யோசித்தேன். பெரியம்மாவைக் கொண்டு இன்னொன்று தைக்க வைத்து, அதையும் வேறொருத்தியின் பெயரில் கொடுப்பதை நினைக்கவே ஆத்திரமாக இருந்தது. நானே தைக்கிறேன் என்று அறிவித்தேன். கடைக்குப் போய்க் கட்டம் போட்ட துணியும் நூலும் வாங்கி வந்தேன். ஒரு கிழமை குனிந்து இருந்து A என்ற எழுத்தையும் B-யில் பாதியையும் தைத்தேன். பெரியம்மா வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"பிரி."

பிரித்தேன். மறுபடி தைத்தேன். மறுபடி பிரி. கடைசியில் A இருந்த இடத்தில் துணி ஓட்டையாகிவிட்டது. பெரியம்மா என் கையில் இருந்த ஊசியை வாங்கித் தன் சட்டையில் குத்திக்கொண்டார். "நல்ல துணி வாங்க வேணும்," என்றார். "நானும் வாறன்."

அந்தக் கைவேலைக் கடையில் இருந்த பெண் நல்லவள். சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்ட வயதான பெண் ஒருவர் துணியை வெளிச்சத்தில் பிடித்து இழை எண்ணுவதைப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தாள். என்ன தைக்கப் போகிறார் என்று கேட்டாள். நான் சொன்னேன். இங்கேயும் அந்தக் காலத்தில் சின்னப் பிள்ளைகள் அதைத்தான் தைத்தார்கள், நகரத்துக்குள் ஒரு பழைய வீட்டைக் காட்சிசாலையாக வைத்திருக்கிறார்கள், அங்கே நிறைய இருக்கின்றன, போய்ப் பாருங்கள் என்றாள். பெரியம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். "வெள்ளைக்காரப் பிள்ளையளோ?" என்றார். அவருக்கு அதுவரை வெள்ளைக்காரர் என்றால் தைக்கச் சொல்கிறவர்கள்.

அடுத்த சனிக்கிழமை மல்யுத்தத்தையும் விட்டுவிட்டு வந்தார். பஸ், பிறகு சப்வே, பிறகு நடை. செங்கல் வீடு, தாழ்ந்த கூரை, நடக்கும்போது கிறீச்சிடும் பலகை நிலம். வாசலில் பழைய காலத்து நீளச் சட்டையும் வெள்ளைத் தொப்பியும் போட்ட ஒரு பெண் எங்களை வரவேற்றாள். பெரியம்மா அவளைக் கன்னியாஸ்திரி என்று நினைத்து, "குட் மோர்னிங் சிஸ்டர்," என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் திருத்தவில்லை.

மேல்மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக இருந்தன. எழுத்துகள், இலக்கங்கள், வீடு, மரம், ஒரு சோடிப் பறவை. பெரியம்மா நின்றுவிட்டார். "இது எங்கடை," என்றார். பிறகு குனிந்து ஒவ்வொன்றின் கடைசி வரியையும் பார்த்துக்கொண்டு போனார். எல்லாவற்றிலும் பெயர் இருந்தது. வயது எட்டு, வயது பத்து, வயது ஏழு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு அட்டை. அதில் அந்தப் பிள்ளை யார், தகப்பன் என்ன செய்தார், எந்த நாட்டில் இருந்து கப்பலில் வந்தார்கள் என்று குடும்பத்துக் கதையெல்லாம் இருந்தது.

ஒன்றில் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கங்கள் பிரித்து எடுக்கப்பட்டு ஊசித் துளைகள் மட்டும் தெரிந்தன. அது ஏன் என்று கேட்டேன். வளர்ந்த பிறகு தன் வயது தெரியாமல் இருக்க அந்தப் பெண்ணே பிரித்திருப்பாள், அப்படிப் பலர் செய்தார்கள் என்றாள் தொப்பிக்காரி. பெரியம்மா வாய்விட்டுச் சிரித்தார். "எங்கடை ஆக்கள்தான்," என்றார்.

கடைசியில் ஒரு சின்னத் துண்டு. எட்டு வயதுப் பிள்ளை தைத்தது. அட்டையை நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். தகப்பன் மாவு அரைக்கும் ஆலை வைத்திருந்தவர். ஸ்கொட்லாந்தில் இருந்து வந்தவர்கள். இந்தப் பிள்ளை மணம் முடிக்கவில்லை. தங்கையின் வீட்டிலேயே இருந்து முதுமையில் காலமானாள். தங்கையின் பேரப்பிள்ளைகள் இதைக் காட்சிசாலைக்குக் கொடுத்தார்கள்.

"திரும்ப வாசி," என்றார் பெரியம்மா.

வாசித்தேன்.

"கலியாணம் கட்டேல்லையாமோ?"

"ஓம் பெரியம்மா."

"ஆனா பேர் போட்டிருக்கு."

"ஓம்."

"தங்கச்சியின்ரை ஆக்கள்தான் கொண்டுவந்து குடுத்ததாமோ?"

"ஓம்."

"தாங்கள் தைச்சதெண்டு சொல்லேல்லை."

பெரியம்மா தொப்பிக்காரியிடம் திரும்பி, தேங்க் யூ சிஸ்டர் என்றார். திரும்பும் வழியில் ஒரு டோனட் வாங்கிக் கொடுத்தேன். பாதியைச் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தைக் கடதாசியில் சுற்றி அம்மாவுக்கு என்று கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் தைத்தார். ஜன்னலுக்குப் பக்கத்தில், மடியில் துணி, முன்னால் மல்யுத்தம். விளம்பரம் வரும்போது தைப்பார், சண்டை தொடங்கியதும் நிறுத்துவார். மேல்பாதியை எங்களுக்குக் காட்டினார். கீழ்ப்பாதி எப்போதும் சுருட்டி ஒரு துவாயால் மூடியிருந்தது. அம்மா அதைப் பற்றிக் கேட்கவில்லை. பெரியம்மா சம்மதித்ததே போதும் என்று இருந்தார். ஒன்றை மட்டும் சொன்னார்: "அக்கா, கீழ் வரியிலை பிள்ளையின்ரை பேரைப் போட்டாலும் நல்லதுதான். இனிக் கட்டிக் குடுக்க ஒருத்தியும் இல்லைத்தானே."

"பாப்பம்," என்றார் பெரியம்மா.

பிரேம் போடவும் அவரே போனார். பிளாசாவில் இருந்த கடைக்குத் தனியாகப் போய், பழுப்புக் கடதாசியில் சுற்றி, நாலு பக்கமும் டேப் ஒட்டிக்கொண்டு வந்தார். டேப் ஒட்டிய விதத்தைப் பார்த்தால் பிரிக்கக் கோடாலி வேண்டும்போல இருந்தது.

எழுத்து பிக்கரிங் வீட்டில் நடந்தது. பதிவுகாரர் மேசையில் கடதாசிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு இருந்தார். வாசலுக்கு நேரே அந்தச் சுவர் உண்மையாகவே சும்மா கிடந்தது. "முதலிலை அதைப் பாப்பம்," என்றார் மாப்பிள்ளையின் தாய். பதிவுகாரர் பேனையை மூடி வைத்தார். மாப்பிள்ளையின் தகப்பன் கத்தரிக்கோலோடு வந்து கடதாசியை வெட்டினார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. வழக்கம்போல மேலே இருந்து வாசிக்கத் தொடங்கினார்.

"எழுத்துகள். இலக்கங்கள். வீடு... அட, எங்கடை வீடு. கராஜும் கிடக்கு." எல்லோரும் நெருங்கி வந்தார்கள். "சோடிப் பறவை. இது என்ன, துவாரபாலகரோ?"

முடி இருந்த இடத்தில் மஞ்சள் காற்சட்டை போட்ட ஒருவன் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு நின்றான்.

"கனடா எண்டு போட்டிருக்கு. அது சரி." பிறகு கடைசி வரிக்கு வந்தார். அது தமிழில் இருந்தது. பெரியம்மாவின் பெயரை முழுசாக, தகப்பன் பெயரோடு சேர்த்து, தபால்கந்தோரில் கடிதம் கூப்பிடுகிற குரலில் வாசித்தார். "வயது அறுபத்தொண்டு."

அம்மா என் கையைப் பிடித்தார். நகம் பதிந்தது. எனக்கும் பயம்தான். பதிவுகாரரின் பேனை இன்னும் மூடித்தான் இருந்தது.

"இது ஆர்?" என்றார் மாப்பிள்ளையின் தாய்.

"நான்," என்றார் பெரியம்மா. அவர் சமையலறையில் இருக்கவில்லை. முன்வரிசைக் கதிரையில், பட்டுச்சேலையோடு இருந்தார். "எங்கடை ஹோலிலை தொங்கிறதும் நான் தைச்சதுதான். பிள்ளைக்கு ஊசியிலை நூல் கோக்கத் தெரியாது. பல்லுக் கிளினிக்கிலை நல்ல வேலை செய்யிறாள்."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் தன் தாயைப் பார்த்தார். மாப்பிள்ளையின் தாய் தையல்படத்தைக் கையில் வாங்கினார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ரை கலியாணத்துக்கு அடுத்த வீட்டு அக்கா தைச்ச மேசைச்சீலையைத்தான் நான் தைச்சதெண்டு காட்டினவை," என்றார். "அந்த அக்கா வேலிக்கு அங்காலை நிண்டு பாத்துக்கொண்டிருந்தவ." பிறகு புருசனைப் பார்த்து, "ஆணி எங்கை?" என்றார்.

ஆணி அடித்து மாட்டிய பிறகுதான் நான் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி வரும்போது காரில் அம்மா, "மானம் போச்சு," என்றார்.

"ஆரின்ரை மானம்?" என்றார் பெரியம்மா.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பிறகு நான் அந்த வீட்டில் இருந்த கடைசி நாள்வரைக்கும் பெரியம்மாவோடு நேராகக் கதைக்கவில்லை. "உப்புக் காணாதாம் எண்டு சொல்லு," என்று என்னிடம் சொல்வார். ஒரு கையகல வீட்டில் நான் இருவருக்கும் நடுவே நின்று உப்பைப் பற்றித் தூது சொன்னேன். நான் பிக்கரிங்குக்குப் போய்விட்டால் இவர்கள் எப்படி இருக்கப் போகிறார்கள் என்று நினைத்து அழுதும் இருக்கிறேன்.

கலியாணம் முடிந்து சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மா வீட்டுக்குப் போனேன். ஹோல் சுவரில் தையல்படம் இல்லை. பிரேம் வெறுமையாக நிலத்தில் சாத்தி இருந்தது. பெரியம்மா மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சமையலறை மேசையில், மூக்கு முட்டக் குனிந்து, அந்தப் பழைய துணியை வைத்துக்கொண்டு இருந்தார். கையில் ஊசி. விரல்நுனியில் பிளாஸ்டர்.

"அம்மா, என்ன செய்யிறியள்?"

"பேசாமல் இரு. எண்ணிக்கை பிழைக்கும்."

கிட்டப் போய்ப் பார்த்தேன். கடைசி வரியில் பெரியம்மாவின் பெயர் முக்கால்வாசி வந்திருந்தது. எழுத்துகள் மேலும் கீழுமாக ஏறி இறங்கின. மேலே இருந்த எழுத்துகளின் நீலம் கிடைக்கவில்லையோ என்னவோ, நூல் மண்ணிறம். புள்ளடிகளில் சில ஒரு காலோடு நின்றன. நான் கதிரையில் இருந்து காத்துக்கொண்டிருந்தேன். அம்மா பெயரை முடித்தார். பக்கத்தில் வயது 9 என்று தைத்தார். நூலைப் பல்லால் கடித்தார். பல் கிளினிக்கில் நாங்கள் செய்ய வேண்டாம் என்று சொல்கிற காரியம்.

பிறகு துணியை எடுத்துக்கொண்டு ஹோலுக்குப் போய், பெரியம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் நின்றார். நேராகக் கதைத்தார்.

"அக்கா. இந்தா."

பெரியம்மா தொலைக்காட்சியை நிறுத்தினார். மஞ்சள் காற்சட்டைக்காரன் வென்றுகொண்டிருந்த நேரம் அது. துணியை வாங்கினார். முன்பக்கத்தைப் பார்க்கவில்லை. திருப்பினார்.

ஒன்பது வயதுப் பிள்ளையின் சுத்தமான தையலுக்குக் கீழே ஒரே முடிச்சுக் காடு. நூல் நுனிகள் எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. அம்மா அதைப் பார்த்தார், பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார், தானே போய்க் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார்.

"பிரிக்கட்டோ அக்கா?"

பெரியம்மா அந்த முடிச்சுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். கத்தரிக்கோலை வாங்கவில்லை.

"இருக்கட்டும்," என்றார். "மாட்டு."